பௌதிகத்தின் முதற்பாடமும் மன்னார்க் கரையும்

கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாம் எழுதப் புகுந்ததோ பௌதிகமும் வானநூலும் பற்றியது. பயிற்றப்பட்ட தமிழாசிரியருக்கு இத்துறையில் என்ன அலுவல் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். விடை எளிது. விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படும் இடத்தில், மாணவனுக்குப் பௌதிகம் விளங்கவில்லை என நாம் சொல்லும்போது, உண்மையில் விளங்காமற் போனது பல வேளைகளிற் சொல்லேயாகும். சொல்லைப் பொருளோடு பிணைத்துக் காட்டுவது தமிழாசிரியரின் தொழில். ஆகவே இப்பழியில் எமக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் விஞ்ஞான ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால், பத்தாந் தர வகுப்பைக் கவனிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அன்றைய பாடம் திணிவும் நிறையும். சொற்களைப் பற்றிய பாடந்தானே என்ற துணிவில், "நிறை என்றால் என்ன?" என்று கேட்டோம். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, பொருளொன்றைப் புவி ஈர்க்கும் விசையே அதன் நிறை என்றும், அது நியூற்றனில் அளக்கப்படும் என்றும் தடங்கலின்றி ஒப்புவித்தான். "நன்று. உன் புத்தகப் பையின் நிறை எவ்வளவு?" என்றோம். "ஐந்து கிலோ, சேர்" என்றான். அவன் வாய் சொன்ன வரைவிலக்கணத்தை அவன் கை அறியவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளையொருவன் எழுந்து, "பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவுதான் நிறை, சேர்" என்றான். வகுப்பு நகைத்தது. யாமும் பாடநூலை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "பிழை, இரு" என்றோம். அவன் இருந்துவிட்டான். அந்தத் தவணை முடியும்வரை எமது தமிழ் வகுப்பிற்கூட அவன் எழுந்து விடை சொல்லியதை யாம் காணவில்லை.

உண்மை பின்னரே தெரிந்தது. அப்பிள்ளை இரவில் தமையனின் கைப்பேசியில் தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளைப் பார்த்துப் படிப்பவன். அக்கரைப் பாடநூலொன்றை வருவித்துப் பார்த்தோம். அங்கே நிறை என்பது இங்கே நாம் திணிவு என்பது. இங்கே நாம் நிறை என்பதை அங்கே எடை என்கின்றனர். நம் அமுக்கம் அவர்களுக்கு அழுத்தம். நம் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். நம் சடத்துவம் அவர்களுக்கு நிலைமம். நம் வலு அவர்களுக்குத் திறன். நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்பர். நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்பர். தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அந்தக் கடலைக் கடக்கும்போது 'நிறை' என்னும் ஒரே சொல் தன் பொருளை மாற்றிக்கொள்கின்றது. அக்கரை வகுப்பில் அப்பிள்ளை சொல்லியிருந்தால் அவன் விடைக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கும்.

இதனால் எவர்மீதும் குறைகூற யாம் முற்படவில்லை. இரு கரையிலும் கலைச்சொல் ஆக்கியோர் தமிழறிந்தோரே. நிறுத்துக் காண்பது நிறை. எடுக்கும்போது கை உணர்வது எடை. திணிந்து கிடப்பது திணிவு. மூன்றும் நல்ல சொற்கள். முடுகுதல் விரைதலாதலின் ஆர்முடுகலும் முடுக்கமும் ஒரு வேரிற் கிளைத்தவை. இத்துறையில் நம் நாட்டுக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களையும் தமிழில் வெளியிட்டார். தமிழில் விஞ்ஞானம் கூடுமோ என்ற ஐயம் அன்றே தீர்ந்துவிட்டது. இன்று எஞ்சியுள்ள வினா வேறு: தமிழிற் சொன்ன விஞ்ஞானம் மாணவன் நெஞ்சிற் சேர்ந்ததா என்பதே அது.

எமது கருத்தைச் சுருங்கச் சொல்வோம். பௌதிகத்திலும் வானநூலிலும் முதற்பாடம் வரைவிலக்கணத்தில் தொடங்கலாகாது. மாணவன் கண்டும் தொட்டும் அறிந்த பொருளில் தொடங்கி, அதன்பின் சொல்லைத் தந்து, இறுதியிலேயே சூத்திரத்தைத் தரல் வேண்டும். இம்முறைக்கு மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் போல வாய்ப்பான இடம் அரிது. இங்கே கடலும் காற்றும் வானும் கதவைத் திறந்தவுடன் நிற்கின்றன.

நிறையையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறு கிலோகிராம் கருவாட்டைச் சந்தையில் இருதட்டுத் தராசிலும் தூக்கலாம், விற்றராசிலும் தூக்கலாம். இரண்டும் இங்கே ஒத்துப்போகும். அதே கருவாட்டைச் சந்திரனுக்குக் கொண்டுசெல்வோமாயின், இருதட்டுத் தராசு அங்கும் ஆறு கிலோகிராமே காட்டும். ஏனெனின் மறுதட்டிலுள்ள படிக்கல்லும் உடன் இலேசாகிவிடும். விற்றராசிலோ முள் ஆறிலொரு பங்கிலேயே நின்றுவிடும். மாறாதது திணிவு, மாறியது நிறை. இங்கே அக்கருவாட்டின் நிறை ஏறத்தாழ 60 நியூற்றன். அங்கே ஏறத்தாழ 10 நியூற்றன். 1971இல் அப்பலோ 15 கலத்திற் சென்ற தேவிது இசுக்கொட்டு, சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருங்கே கைவிட்டார். காற்றில்லாத அவ்விடத்தில் இரண்டும் ஒரே கணத்தில் நிலந்தொட்டன. கலிலியோ முன்னரே உரைத்ததை உலகம் அன்று கண்ணாற் கண்டது. இவ்விரு செய்திகளையும் கேட்ட மாணவன் வரைவிலக்கணத்தை மறந்தாலும், பொருளை மறவான்.

கதிக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு பலரைத் திணறவைப்பது. கதிக்கு அளவு மட்டும் உண்டு. வேகத்துக்கு அளவும் திசையும் உண்டு. நம் கடற்றொழிலாளர் இதனைப் பள்ளிக்கு வராமலே அறிந்துள்ளனர். அவர்கள் வெறுங் காற்று என்று சொல்லி அமைவதில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஒவ்வொரு பெயரிலும் திசை அடங்கியிருக்கின்றது. வாடையும் சோளகமும் ஒரே கதியில் வீசலாம். ஆனால் ஒன்று படகைக் கரைசேர்க்கும்போது மற்றது கடலுக்குள் தள்ளும். திசையும் சேர்த்துச் சொல்லவேண்டிய கணியத்தையே பாடநூல் காவிக்கணியம் என்கின்றது. தந்தையின் வாயிற் காற்றின் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அப்பாடத்திற் புதியது பெயரொன்றே.

அதே காற்று இன்று தீவின் தென்கரையில் மின்சாரமும் தருகின்றது. 'தம்பபவனி' எனப் பெயரிடப்பட்ட காற்றாலைத் தொகுதி 2020 திசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. முப்பது காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று என்பது அதன் கணக்கு. மெகாவாற்று என்பது வலுவின் அளவு. ஒரு செக்கனில் எவ்வளவு சத்தி பிறக்கின்றது என்பதைச் சொல்வது. வீட்டு மின்பட்டியலில் வரும் அலகு என்பது சத்தியின் அளவு. ஒரு காற்றாலை தன் முழு வலுவில் ஒரு மணி நேரம் சுழன்றால் 3,450 அலகு கிடைக்கும். காற்று ஓய்ந்தால் வலு பூச்சியமாகும். காற்றின் கதி இருமடங்கானால் அதிலடங்கிய வலு எண்மடங்காகும். சோளகக் காலத்திற்கும் காற்று மந்தமான மாதங்களுக்கும் விளைச்சலில் அத்துணை வேறுபாடு இருப்பது இதனாலேயே.

இங்கே பாடத்துக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. காற்றாலைகள் மேலும் வேண்டும் என்போரும், பறவைகளுக்கும் கடற்றொழிலுக்கும் வெள்ளநீர் வடிவதற்கும் கேடாகும் என அஞ்சி வேண்டா என்போரும் இம்மாவட்டத்தில் உளர். எப்பக்கம் சரியென ஈண்டு யாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. ஆனால் வலுவையும் சத்தியையும் ஒன்றெனக் கருதும் ஒருவர் எந்தப் பக்கத்தில் நின்றாலும், பிறர் சொல்லும் எண்ணுக்குத் தலையாட்டுவதன்றி வேறு செய்ய இயலாது. தன் ஊரின் நிலம்பற்றித் தானே கணக்கிட்டுப் பேசவல்ல குடிமகனை ஆக்குவதும் பௌதிக வகுப்பின் கடனன்றோ?

அமுக்கம் பற்றிய பாடம் அரிப்புக் கரையிற் காத்திருக்கின்றது. ஆள்பதி நோர்த்து கட்டுவித்த மாளிகையின் இடிபாடு நிற்கும் அக்கரைக்கு அப்பாலுள்ள பார்களில், பன்னூறாண்டுகளாக முத்துக் குளித்தனர். குளிப்பவர் காலிற் கல்லைப் பூட்டி இறங்கினர். உடல் நீரை விலக்க, விலக்கப்பட்ட நீரின் நிறைக்குச் சமனான மேலுதைப்பு அவரை மேலே தள்ளும். அதனை வெல்லவே அந்தக் கல். பத்து மீற்றர் ஆழத்தில் நீர் தரும் அமுக்கம் மேலேயுள்ள வளிமண்டலத்தின் அமுக்கத்துக்கு ஏறக்குறையச் சமன். ஆகவே அவ்விடத்தில் உடலின்மீதுள்ள அமுக்கம் இருமடங்கு; மூச்சடக்கி இறங்கியவரின் நெஞ்சிலுள்ள வளியின் கனவளவு பாதி. ஆக்கிமிடிசு தத்துவமும் போயில் விதியும் இரண்டு அத்தியாயங்களாக அச்சிடப்பட்டுள்ளன. முத்துக்குளித்தவர் அவ்விரண்டையும் ஒரே மூச்சிற் பயின்றார்.

இனி வானத்துக்கு வருவோம். பேசாலையிலோ வடகரையின் வேறோர் ஊரிலோ, நிலவில்லாத தெளிந்த இரவில் பாக்குக் கடலை நோக்கி நில்லுங்கள். கையை முழுதாக நீட்டி முட்டியைக் கடல்விளிம்பின்மேல் வையுங்கள். முட்டியின் அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகை. துருவ நட்சத்திரம் அம்முட்டியின் மேல்விளிம்பை அண்டி மங்கலாக நிற்கக் காண்பீர்கள். துருவத்தின் உயரம் எத்தனை பாகையோ, நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடும் அத்தனை பாகை. மன்னாரின் அகலக்கோடு வடக்கு 9 பாகை. ஒரு கருவியுமின்றி, புவி உருண்டை என்பதையும் அவ்வுருண்டையில் தான் எங்கே நிற்கின்றான் என்பதையும் மாணவன் தன் முட்டியால் அறிந்துகொள்கின்றான்.

பகலிலும் அதற்கிணையான பாடம் உண்டு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்பிரில் 13ஆந் திகதியளவில், நண்பகல் 12 மணி 11 நிமிடத்தை அண்டி, சூரியன் மன்னாரில் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நட்ட கோலுக்கு அப்போது நிழல் இராது. ஓகத்து மாத இறுதியில் மறுமுறையும் அவ்வாறாகும். அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். சித்திரை நாளில் நம் கோல் நிழலின்றி நிற்கும்போது, காலியில் நட்ட ஒரு மீற்றர்க் கோலுக்கு உச்சிப்பொழுதில் ஏறத்தாழ ஐந்து சதமமீற்றர் நிழல் இருக்கும். அந்நிழல் மூன்று பாகைக் கோணத்தைத் தரும். மன்னாருக்கும் காலிக்கும் தென்வடலாக உள்ள தூரம் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். முந்நூற்றறுபது பாகையில் மூன்று நூற்றிருபதில் ஒரு பங்கு. 330ஐ 120ஆற் பெருக்கினால் 39,600. புவியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்கு அண்மையானது எனப் பாடநூல் சொல்வதை, வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இரண்டு கோல்களைக் கொண்டு கண்டுவிடலாம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகித்திலே எரத்தோசுதெனீசு செய்ததும் இதுவே.

வற்றுப்பெருக்கும் அத்தகையதே. நாளுக்கு இருமுறை பெருகுவதும், நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்துவதும், அமாவாசையிலும் பூரணையிலும் மிகுவதும் கரையிற் பிறந்த பிள்ளை அறிந்ததே. சந்திரனும் நாள்தோறும் அவ்வளவே பிந்தி எழுகின்றது என்பதை அவன் குறித்துப் பார்ப்பானாயின், 1687இல் நியூற்றன் வெளியிட்ட ஈர்ப்புக் கொள்கையின் வாயிலில் அவன் தானாகவே வந்து நிற்பான்.

2010 சனவரி 15ஆந் திகதி, தைப்பொங்கலுக்கு மறுநாள், நம் கரையில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியது. பிற்பகலில் ஏறக்குறையப் பத்து நிமிடம் சூரியன் பொன்வளையமாக நின்றது. கி.பி. 3043 வரையில் அத்துணை நீண்ட வளையக் கிரகணம் உலகில் வேறில்லை என்பது கணிதம். சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. அதன் தூரமும் ஏறத்தாழ 400 மடங்கு. எனவே இரண்டும் வானில் ஒரே அளவினவாய்த் தோன்றுகின்றன. அன்று சந்திரன் சேய்மையில் இருந்தமையால் சற்றுச் சிறுத்துத் தோன்றி, சூரியனை முற்றும் மறைக்கமாட்டாது வளையத்தை எஞ்சவிட்டது. எத்தனை வீடுகளின் கதவுகள் அப்பொழுது சாத்தப்பட்டிருந்தன! ஆசாரம் பேணுவோர் பேணுக; அதனை யாம் இகழோம். ஆயினும் பிள்ளைகளுக்குத் தக்க வடிகண்ணாடி கொடுத்தோ, அட்டையில் துளையிட்டு நிலத்தில் விழும் பிம்பத்தைக் காட்டியோ, அந்தப் பத்து நிமிடத்தைப் பாடமாக்கியிருக்கலாம். 2031 மே 21ஆந் திகதி மற்றொரு வளையக் கிரகணம் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்து செல்லவுள்ளது. அன்றாவது நம் பள்ளிகள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

"இவையெல்லாம் நன்று, ஆனால் பாடத்திட்டம் முடியவேண்டுமே, பரீட்சைக்குச் சூத்திரம் போதுமே" என்று கூறுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. சூத்திரத்தை மட்டும் கொண்டும் வெகுதூரம் செல்லலாம். 1825இல் சென்னையில் அச்சான 'காலசங்கலிதம்' என்னும் நூலில் வாரன் என்பார் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். புதுச்சேரியிற் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையிற் சோழிகளை வைத்து, மனனஞ்செய்த வாய்பாடுகளைக்கொண்டு, அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தை அவர்முன் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் வழு நான்கு நிமிடமே. முடிவில் 52 நிமிடம். அத்துணை ஆற்றல் வாய்ந்த அவருக்குத் தாம் கணித்த முறையின் காரணம் தெரியாதிருந்ததாம். அந்த நினைவாற்றலை யாம் வணங்குகின்றோம். ஆனால் காரணம் அறியாதவர் அந்த 52 நிமிட வழுவைத் திருத்துவது எங்ஙனம்? விளங்காமல் மனனஞ்செய்த பிள்ளை, வினா சற்றே திரிந்து வரும்போது நின்றுவிடுவதும் அவ்வாறே. ஐந்து கிலோ நிறை சொன்ன முன்வரிசை மாணவன் பரீட்சையிற் சித்தியடைந்திருக்கலாம். அவன் பௌதிகம் கற்றான் என்று யாம் துணிந்து கூறமாட்டோம்.

ஆகவே பழைய மாணவர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. மண்டபமும் கோபுரவாயிலும் காலப்போக்கில் வரட்டும். முதலிற் கல்லூரி முற்றத்தில் செங்குத்தாக ஒரு கோலும், அதைச் சூழச் சமதளமான மேடையும் அமைத்துத் தாருங்கள். ஓர் இருதட்டுத் தராசும் ஒரு விற்றராசும் வாங்கித் தாருங்கள். இரு கரைக் கலைச்சொற்களையும் அருகருகே எழுதிய பெரும் பலகையொன்றை விஞ்ஞான கூடத்தில் மாட்டுவியுங்கள். ஆசிரியர்களாகிய எம் பங்குக்கு, ஆறாந் தரந்தொட்டு ஒவ்வொரு தவணையிலும் இரண்டு பாடவேளைகளில் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கிருந்து சொல்லையும் பொருளையும் சேர்த்துக் கற்பிப்போமாக. பாடத்திட்டம் இதனால் தாமதமடையாது. பின்வரும் பாடங்கள் விரைவாக நடக்கும் என்பதே எமது நம்பிக்கை.

மாணவர்களுக்கும் ஒரு சொல். பாடநூலில் ஒரு சொல்லைக் கண்டவுடன், இதனை நம் ஊரில் எங்கே கண்டோம் என்று உங்களை நீங்களே கேளுங்கள். விடை கிடைக்காவிடின் ஆசிரியரைக் கேளுங்கள். அவரும் தயங்கினால் கரையில் வலை பொத்தும் பெரியவரைக் கேளுங்கள். அவர் வேறு சொல்லால் விடை சொல்லக்கூடும். அதற்காக அவரைப் பிழையென்று எண்ணிவிடாதீர்கள்.

அந்தப் பிழையை யாம் ஒருமுறை செய்தோம். அக்கரைப் பாடநூலைப் பார்த்த மறுவாரம், அதே வகுப்பிற்குச் சென்று இரண்டு நூல்களையும் மேசைமேல் விரித்துவைத்து, "தம்பி, நீ சொன்னது பிழையன்று, பிழை எம்முடையது" என்றோம். அவன் தலைகுனிந்து சிரித்தான். பின்னர் மெல்ல எழுந்து, "அப்படியென்றால், சேர், பரீட்சையில் எதை எழுத வேண்டும்?" என்று கேட்டான். "இங்கே எழுதும்போது இந்நாட்டுச் சொல்லை எழுது, நெஞ்சில் மட்டும் பொருளை வைத்திரு" என்று விடையிறுத்தோம். அதன்பின் அவன் கேள்விகளை நிறுத்தவேயில்லை.

அத்தகைய கேள்விகள் நம் கல்லூரியில் என்றும் ஒலிப்பதாக. வாழ்க நம் கல்லூரி. வளர்க அதன் பணி.